சின்ன போட்ல சூரைக்குக் கைத்தூண்டில்: காரைக்குடி பக்கத்துலேருந்து புதுசா கிளம்புறவங்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கோட்டையூர்னு நம்ம பக்கத்துல உக்காந்துக்கிட்டு கடலுக்குப் போய் சூரை பிடிக்கணும்னு ஆசைப்படுற ஆளுக நெறயப் பேரு இருக்காங்க, ஆனா எங்க ஆரம்பிக்கிறதுன்னு யாருக்கும் தெரியல. கடைக்காரர்கிட்ட போனா தங்கூசி, அதாவது நைலான் தூண்டில் கயிறு, அது பத்தி மட்டும் சொல்லுவாரு, மீன்வளத்துறை ஆபீஸ்ல பேப்பர் பத்தி மட்டும், போட் வச்சிருக்கிற சம்மாட்டி காத்தும் நீவாடும் (கடல் நீரோட்டம்) பத்தி மட்டும். மூணையும் சேத்து ஒரே இடத்துல சொல்ல ஆளில்லாம நான் அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டத இதுல போடுறேன். ஒண்ணு மட்டும் முதல்லயே மனசுல வச்சுக்கங்க, இந்த வேலையில முக்காவாசி கரையிலயே முடிஞ்சுரணும், போட்ல ஏறுனப்பறம் முடிச்சு போட உக்காந்தா அந்த நாள் போச்சு.

1. எந்தக் கடல்னு முடிவு பண்ணுங்க

நமக்குக் கிட்டத்துல இருக்கிற கடல் தொண்டி. தேவகோட்டை, திருவாடானை வழியா பஸ்ஸுலயே போயிரலாம், அதனால எல்லாரும் முதல்ல அங்கதான் போறாங்க. தொண்டி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் எல்லாம் பாக் நீரிணைப் பக்கம், அந்தக் கடலே ஆழம் கம்மி, பல இடத்துல 10 மீட்டர்கூட வராது. நண்டு, எறா, சூடை, கணவாய்க்கு அருமையான கடல், ஆனா சூரைக்குக் கைத்தூண்டில் போட அது இடமில்ல. சூரை தெளிஞ்ச தண்ணி, ஆழமான தண்ணி தேடுற மீனு, அதுக்கு மன்னார் வளைகுடா பக்கம்தான் போகணும். பாம்பன் தெற்குவாடி, கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர், வேம்பாறு, தருவைகுளம், தூத்துக்குடி திரேஸ்புரம், இப்படி ஒரு கரையப் பிடிங்க. காரைக்குடியிலேருந்து ராமநாதபுரம் வழியா மூக்கையூர் போக மூணு மணி நேரம் தாராளமா வச்சுக்கங்க. முந்தின நாள் சாயங்காலமே போய்த் தங்குறதுதான் சரி, ஏன்னா போட் கிளம்புறது நடுச்சாமத்துக்கு மேல ரெண்டு மணி மூணு மணிக்கு.

எந்த மீனுக்குப் போறோம்னும் தெளிவா இருக்கணும். ஒரு நாள்ல போய்ட்டு வர்ற ஃபைபர் போட்ல பெரும்பாலும் கிடைக்கிறது சாதா சூரை, ரெண்டு கிலோவுலேருந்து நாலு கிலோ வரைக்கும் இருக்கும், கூடவே எலிச்சூரையும் வரும். மஞ்சள் துடுப்பு இருக்கிற பெரிய சூரை, கன்னியாகுமரிப் பக்கம் கேரைன்னு சொல்றது, இருபது கிலோ முப்பது கிலோன்னு இருக்கும், அதுக்கு மேலயும் வளரும். அது இன்னும் வெளிக்கடல்ல, ஆழம் சட்டுன்னு இறங்குற விளிம்புல நிக்கும். புதுசா போறவங்க முதல்ல சாதா சூரைக்குக் கை பழகிட்டு அப்பறம் கேரைக்குப் போங்க. என் அபிப்பிராயம் இதுல ரொம்ப உறுதி, ஏன்னா பழகாத கையில கேரை மாட்டுனா விரல் போயிரும்.

2. பேப்பர் வேலை

சொந்தமா போட் வாங்கப் போறீங்களா, இல்ல ஒரு சம்மாட்டி போட்ல கூடப் போகப் போறீங்களா? முதல் வருசம் கூடப் போறதுதான் நல்லது. அப்பவும் சில விசயம் பாக்கணும்.

போட்டுக்கு மீன்வளத்துறைப் பதிவு இருக்கா, மீன்பிடி உரிமம் நடப்புல இருக்கான்னு கேளுங்க. கேக்குறதுல கூச்சப்படாதீங்க, நல்ல சம்மாட்டி கோவிச்சுக்க மாட்டாரு. போட் ஓரத்துல எழுதியிருக்கிற நம்பரும் பதிவுச் சான்றிதழ்ல இருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கணும். நம்பருக்கு நடுவுல எம்ஓ-ன்னு வந்தா மோட்டார் வச்ச நாட்டுப்படகு, எம்எம்-னு வந்தா விசைப்படகு. தடைக்காலம் யாருக்குன்னு பாக்குறப்ப இந்த வித்தியாசம் முக்கியம், அத கீழ சொல்றேன்.

உங்க கையில ஆதார் அசல் இருக்கணும், போன்ல போட்டோ எடுத்து வச்சுருக்கேன்னு போகாதீங்க. கடல்ல கடலோரக் காவல் போலீசோ கோஸ்ட் கார்டோ நிறுத்திக் கேட்டா கூட இருக்கிற எல்லாரும் காட்டணும், உங்க ஒருத்தரால போட்டே திரும்ப வேண்டி வரும். மழைத் தண்ணி படாத மாதிரி ஜிப் கவர்ல போட்டு சட்டைக்குள்ள வச்சுக்கங்க. கடல்ல தொழில் பாக்குறவங்களுக்கு மீன்வளத்துறை குடுக்குற பயோமெட்ரிக் அடையாள அட்டை வேற, அது கிடைக்கணும்னா அந்த ஊர் சங்கத்து வழியாத்தான் போகணும்.

சொந்த போட்னா பேப்பர் கூடும். போட் கட்டுன யார்டுல குடுத்த சான்றிதழ், இன்ஜின் பில், ஆதார், போட்டோ, பேங்க் பாஸ்புக், இதோட ஆன்லைன் விண்ணப்பம், அப்பறம் அதிகாரி வந்து போட்டப் பாத்துட்டுப் போவாரு. ரெண்டு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சுருங்க. பழைய போட் வாங்குனா பேர் மாத்துறதுக்கு முன்னாடி அது மேல லோன் பாக்கி, மானிய பாக்கி எதுவும் இல்லன்னு எழுத்துல வாங்கிருங்க, வாய்ச்சொல்ல நம்பி அட்வான்ஸ் குடுக்காதீங்க.

நம்ம ஊர்க்காரவுகளுக்குன்னே ஒரு பொறி இருக்கு, அது இனிஷியல். நம்ம பக்கத்துல ராம, அரு, மெய்யப்பன்னு மூணு தலைமுறையச் சேத்து இனிஷியல் போடுவோம். ஆதார்ல ஒரு மாதிரி, பாஸ்புக்ல ஒரு மாதிரி, பில்லுல ஒரு மாதிரி இருந்தா விண்ணப்பம் அப்படியே திரும்பி வந்துரும். முதல்ல ஆதார்ல எப்படி இருக்கோ அதே எழுத்துல எல்லாத்தையும் மாத்திக்கிட்டு அப்பறம் விண்ணப்பம் போடுங்க. இந்த ஒண்ணுலயே பல வாரம் போயிரும்.

இதெல்லாம் அரசாங்கத்துப் பேப்பர். ஊர்ப் பேப்பர்னு ஒண்ணு இருக்கு, அது பேப்பர்ல இருக்காது. ஒவ்வொரு கரையிலயும் ஊர்க் கமிட்டி உண்டு, எந்த நாள் கடலுக்குப் போகக்கூடாது, எந்த வலை எந்தத் தூண்டில் போடலாம், மீன யார்கிட்ட ஏலம் விடணும்னு அவுக வச்ச கட்டுப்பாடு இருக்கு. வெளியூர்லேருந்து போறவங்க முதல்ல ஊர்ப் பெரியவரப் பாத்து, "அண்ணே, இந்த மாதிரி காரைக்குடியிலேருந்து வர்றோம், தூண்டில் பழகணும்"னு சொல்லிட்டு இறங்குறதுதான் மரியாதை, பாதுகாப்பும் அதுதான்.

இன்சூரன்ஸ் விசயம். பதிவு பண்ண மீனவங்களுக்கு மத்திய அரசோட மத்ஸ்ய சம்பதா திட்டத்துல குழு விபத்துக் காப்பீடு இருக்கு, இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000, பிரீமியம் மீனவர் கட்ட வேண்டியதில்ல. நீங்க அந்தப் பட்டியல்ல இல்லன்னா தனியா ஒரு விபத்து பாலிசி எடுத்துட்டு இறங்குங்க, அதுல கடல்ல நடக்கிற விபத்து சேருமான்னு வரிக்கு வரி படிச்சுப் பாருங்க.

3. எப்ப போறது

கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு போகலாம், ஆனா அந்த ஊர்ல என்ன நடைமுறைன்னு கேட்டுட்டுப் போங்க.

காத்துதான் உண்மையான காலண்டர். மே கடைசியிலேருந்து செப்டம்பர் வரைக்கும் கச்சான் காத்து, அதாவது தென்மேற்குக் காத்து அடிக்கும், மன்னார் வளைகுடாவுல சின்ன போட்டுக்கு அது கஷ்டமான காலம், பழகுன ஆளுக நாள் பாத்துப் போவாங்க, புதுசா போறவங்க வேண்டாம். அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் புயல் காலம். பொங்கல் முடிஞ்சு பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் தொடக்கம், இந்த மூணு மாசம்தான் பழகுறவங்களுக்கு. அப்படின்னா பேப்பரயும் சாமானையும் கார்த்திகை மார்கழியிலேயே முடிச்சு வச்சுரணும்.

4. சாமான் வாங்குறது

காரைக்குடியில தேடாதீங்க, இங்க கிடைக்கிற நைலான் கம்மாயில கெண்டை பிடிக்கிறதுக்குத்தான் ஆகும். தூத்துக்குடி, ராமேஸ்வரம் கடைங்கள்ல எல்லாம் இருக்கு. ரெண்டு செட் தனித்தனியா வாங்குங்க.

சாதா சூரைக்கு தங்கூசி 1 மில்லிமீட்டர், முனையில கட்டுறதுக்கு 0.8 மில்லிமீட்டர். கேரைக்கு மெயின் கயிறு 2 மில்லிமீட்டர், முனைக்கு 1.5. தங்கூசிய எடை போட்டுத்தான் விப்பாங்க, அதனால எத்தன மீட்டர் வரும்னு தெரிஞ்சுட்டுப் போங்க. 2 மில்லிமீட்டர் ஒரு கிலோவுக்கு சுமார் 280 மீட்டர், 1.5-னா 500 மீட்டர் கிட்ட, 1-னா 1,100 மீட்டர் கிட்ட வரும். கேரை செட்டுக்கு 200 மீட்டர் வேணும், அதனால 2 மில்லி ஒரு கிலோ போதும். வெயில்ல தொங்கவிட்ட கயிற வாங்காதீங்க, வெயில் பட்டா நைலான் பலம் போயிரும், நகத்தால சுரண்டிப் பாத்தா மாவு மாதிரி உதிரும்.

முள்ளு சர்க்கிள் ஹூக் வாங்குங்க, கேரைக்கு 14/0 நம்பர். முனை உள்பக்கமா வளைஞ்சிருக்கும், மீனு வாயோரத்துல மாட்டும், தொண்டைக்குள்ள போகாது. ஆமை முழுங்குறதும் குறையும். சாதா சூரைக்குச் சின்ன நம்பர் போதும், கடைக்காரர்கிட்ட சூரைக்குன்னு சொன்னாலே எடுத்துக் குடுப்பாரு. ஸ்டெயின்லெஸ் முள்ளு வேண்டாம், கயிறு அறுந்து மீனோட போனா அது துருப்பிடிச்சு விழாது, மீனு வாயிலயே கிடக்கும்.

இதுபோக கயிறு முறுக்காம சுத்திக் குடுக்குற ஸ்விவல், ஈயக்குண்டு அரைக் கிலோவுலயும் ஒரு கிலோவுலயும், முடிச்சுக்குப் பதிலா கயித்தப் பிடிக்கிற சின்னக் குழாய், தங்கூசி தடிப்புக்குச் சரியான அலுமினியம் ஸ்லீவ், அத நசுக்குற கிரிம்ப் பிளையர், மீனத் தூக்க நீளக்காம்பு கொக்கி, கத்தி ரெண்டு, துணிக் கையுறை. பழைய சைக்கிள் டியூப் ஒண்ணு வாங்கி ரெண்டு அங்குலத் துண்டா வெட்டி விரல்ல மாட்டிக்கங்க, கயிறு ஓடுறப்ப விரல் அறுக்காது. நான் வாங்குனப்ப ரெண்டு செட்டுக்கும் சேத்து 5,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுச்சு, பிளையர்தான் அதுல விலை கூட. பிளையருக்குப் பதிலா வீட்டுக் கட்டிங் பிளேயர் போட்டு நசுக்குனா ஸ்லீவ் வெட்டுப்பட்டு பெரிய மீனுக்கு அந்த இடத்துலதான் அறுக்கும், அதனால இதுல சிக்கனம் பாக்காதீங்க.

5. வீட்டுலயே கட்டிருங்க

இதுல நம்ம ஊருக்கு ஒரு வசதி உண்டு. நம்ம பழைய வீடுக முகப்புலேருந்து பின்கட்டு வரைக்கும் நேர் கோடா ஒரு தெருவுலேருந்து அடுத்த தெரு வரைக்கும் போகும், கதவெல்லாம் திறந்து விட்டா கயிற முறுக்கு விழாம இழுத்து அளக்க அதவிட நல்ல இடம் கிடையாது. பெரியவுக கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மத்தியானம் வீடு அமைதியா இருக்கிறப்ப ஆரம்பிங்க. ஈயக்குண்டு மட்டும் தரையில விடாதீங்க, ஆத்தங்குடிக் கல்லு கீறிரும்.

கடல்ல ஆழத்த மீட்டர்ல சொல்ல மாட்டாங்க, பாகம்னுதான் சொல்லுவாங்க. ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம், கிட்டத்தட்ட ஆறடி. மெயின் கயித்துல பத்துப் பாகத்துக்கு ஒருக்க கலர் நூல் சுத்தி அடையாளம் போடுங்க, பத்துக்குச் சிவப்பு, இருபதுக்குப் பச்சை, இப்படி. இருட்டுல கலர் தெரியாது, அதனால பத்துக்கு ஒரு முடிச்சு, இருபதுக்கு ரெண்டு முடிச்சுன்னு கை தடவுனா தெரியுற மாதிரி நூல்ல முடிச்சும் போட்டுருங்க. முடிச்சு நூல்ல மட்டும்தான், தங்கூசியில போடாதீங்க, அது பலத்தக் குறைச்சுரும்.

மெயின் கயித்தோட கீழ் முனையில ஸ்விவல். ஸ்விவலுக்கு அந்தப் பக்கம் முனைக்கயிறு ஆறேழு பாகம், அதோட கடைசியில முள்ளு. ஸ்லீவுக்குள்ள கயித்த விட்டு, வளையம் போட்டு, திரும்ப ஸ்லீவுக்குள்ள விட்டு, வெளிய வர்ற நுனிய லைட்டர்ல லேசாக் காட்டிக் குமிழ் மாதிரி ஆக்கி, அப்பறம் நசுக்குங்க. ஸ்லீவோட ரெண்டு ஓரத்தையும் நசுக்காம கொஞ்சம் விட்டுருங்க, ஓரம் நசுங்குனா அதுவே கயித்த வெட்டும். கட்டி முடிச்சதும் முள்ள ஒரு கம்பியில மாட்டி ஆள் பலத்தக் குடுத்து இழுத்துப் பாருங்க.

ஈயக்குண்ட ஸ்விவல்ல நேராக் கட்டாதீங்க, மெல்லிசு நூல்ல கட்டுங்க. பார்ல, அதாவது கடலடிப் பாறையில சிக்குனா நூல் அறுந்து குண்டு மட்டும் போகும், மீதி கைக்கு வரும்.

மேல் முனைய போட்ல கட்டவே கூடாது. பந்து மாதிரி இருக்கிற ஒரு பெரிய பிளாஸ்டிக் மிதவையில கட்டுங்க. பெரிய கேரை கயித்த முழுசா இழுத்துட்டா மிதவையத் தூக்கிக் கடல்ல போட்டுட்டு பின்னாடியே போகலாம், மீனு களைச்சு நிக்கும். போட்ல கட்டுனா கயிறு அறுக்கும், இல்ல யாராவது கால் மாட்டும்.

கட்டுன கயித்த அகலமான பிளாஸ்டிக் பேசின்ல மிதவைப் பக்கத்துலேருந்து ஆரம்பிச்சு வளையம் வளையமாப் போடுங்க, முள்ளு கடைசியா மேல வரணும். ஒரு பேசினுக்கு ஒரு கயிறுதான். மேல ஈரத்துணி போட்டு மூடிட்டா வேன்ல போறப்ப கலையாது.

6. இரை

கணவாய் முழுசா, இல்ல கானாங்கெளுத்தி, சாளை. கரையில அன்னைக்கு வந்த மீனா வாங்குங்க, ஐஸ்ல நாள்பட்டுக் கொழகொழன்னு இருந்தா முள்ளுல நிக்காது. முள்ளு முனை வெளிய தெரியணும், இரைக்குள்ள புதைச்சுட்டா சர்க்கிள் ஹூக் மாட்டாது. அங்கயே உயிர் இரை பிடிக்க முடிஞ்சா அதுக்கு ஈடு எதுவும் இல்ல.

7. கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி

ஹைதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் கடல் மேல்மட்டச் சூடு, பச்சையம் ரெண்டையும் சாட்டிலைட்ல பாத்து மீனு இருக்க வாய்ப்புள்ள இடத்த அறிவிக்குது, கரையிலேருந்து எந்தத் திசை, எத்தன கிலோமீட்டர், எவ்வளவு ஆழம்னு வரும். மேகம் மூடுன நாள்ல வராது. அத வச்சு சம்மாட்டிகிட்ட பேசுங்க, அவுக சொல்றது வேற மாதிரி இருந்தா அவுக சொல்றத எடுத்துக்கங்க. கடல் மைல் வேற கிலோமீட்டர் வேற, ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஜிபிஎஸ்ல எது செட் ஆகியிருக்குன்னு பாருங்க.

வானிலை எச்சரிக்கை இருந்தா பேச்சே இல்ல, ரூம்ல படுத்துருங்க. எண்ணெய் கணக்கு, டேங்க்ல மூணுல ஒரு பங்கு போறதுக்கு, ஒரு பங்கு வர்றதுக்கு, ஒரு பங்கு தொடாம இருக்கணும். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒண்ணு, போட்டுக்கிட்டே இருக்கணும், அடியில திணிச்சு வைக்கிறதுக்கு இல்ல. விஎச்எஃப் ரேடியோவுல ஆபத்துக்கு 16-ஆம் சேனல். போன் எடுக்குற தூரத்துல இருந்தா கோஸ்ட் கார்டு 1554, கடலோரக் காவல் 1093, ரெண்டையும் இப்பவே சேவ் பண்ணிருங்க.

போகக்கூடாத இடம் ரெண்டு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல இருக்கிற 21 தீவும் தேசியப் பூங்கா, அங்க இறங்கவோ சுத்தித் தூண்டில் போடவோ கூடாது. ரெண்டாவது இலங்கை எல்லைக்கோடு, பாம்பன், தனுஷ்கோடிப் பக்கத்துலேருந்து போனா ரொம்பக் கிட்டத்துல இருக்கு. மீனு பின்னாடி போறப்ப நீவாடு இழுத்துட்டுப் போறதே தெரியாது, ஜிபிஎஸ்ல கோட்டுக்கு முன்னாடியே அலாரம் வச்சுருங்க. கடல் அட்டை, கடல் குதிரை, ஆமை, கடல் பசு எது மாட்டுனாலும் உயிரோட விட்டுருங்க, வன உயிரினச் சட்டம் அதுல இரக்கம் காட்டாது.

8. கடல்ல

விடியக்காலமும் சாயங்காலமும்தான் கடி நேரம். பறவைக் கூட்டம் இறங்குற இடத்த, சின்ன மீனு துள்ளுற இடத்தப் பாருங்க, கூட்டத்துக்கு நடுவுல போட்டை ஓட்டிட்டுப் போகாதீங்க, கலைஞ்சு கீழ போயிரும். காத்தும் நீவாடும் வர்ற மேல்பக்கமாப் போய் இன்ஜின அமத்திட்டு மெதக்க விடுங்க. சாதா சூரை மேல்மட்டத்துல பத்துப் பாகத்துக்குள்ள, கேரைக்கு இருபது பாகத்துலேருந்து அம்பது பாகம் வரைக்கும் மாத்தி மாத்திப் பாருங்க. கயிறு சாஞ்சு போனா நீங்க நினைக்கிற ஆழத்துல இரை இல்லன்னு அர்த்தம், குண்டக் கூட்டுங்க.

கடிச்சதும் வெட்டி இழுக்கிறது கெண்டைக்குச் சரி, சர்க்கிள் ஹூக்குக்கு ஆகாது. கயிறு ஓட ஆரம்பிச்சதும் லேசா இறுக்கிப் பிடிங்க, அதுவே மாட்டிக்கும். கயித்தக் கையில சுத்தக் கூடாது, ஒரு சுத்துகூடக் கூடாது, இத நான் நூறு தடவ வேணாலும் சொல்லுவேன். ஓடுனா விடுங்க, நின்னா இழுங்க. இழுத்த கயிறு காலுக்குக் கீழ விழாம ஒருத்தரு பேசின்ல போட்டுக்கிட்டே இருக்கணும், அதனால ஒரு கயித்துக்கு ரெண்டு ஆள்.

9. மீனு ஏறுனதும்

சூரை ரத்தச் சூடு கூடுன மீனு, போராடுறப்ப இன்னும் சூடேறும், அதனால மத்த மீன விட வெரசாக் கெடும். ஏறுனதும் தலையில ஒரு அடி, பக்கத் துடுப்புக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் ஒரு கீறல், ரத்தம் வடிஞ்சதும் செவுளும் குடலும் எடுத்துட்டு ஐஸ்ல புதைங்க. மீனு எவ்வளவோ ஐஸும் அவ்வளவு வேணும். சூடுபட்ட சூரையில ஹிஸ்டமின்னு ஒரு நஞ்சு சேரும், எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது, சாப்புட்டா மூஞ்சி சிவந்து தலைவலி, அரிப்பு வரும். காரைக்குடி வரைக்கும் மூணு மணி நேரம் கொண்டு வரணும்ங்கிறதால பெட்டியில ஐஸ் உருகுன தண்ணி வடியுறதுக்கு ஓட்டை இருக்கணும், பாதி வழியில சாயல்குடியிலயோ ராமநாதபுரத்துலயோ திரும்ப ஐஸ் போடுங்க.

காசுக் கணக்கு கரையிலேயே முடிஞ்சுரும். எண்ணெய், ஐஸ், இரை கழிச்சுட்டு மீதிய போட்டுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்குன்னு பிரிப்பாங்க, எத்தன பங்குன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பேசிருங்க. தூண்டில் செலவு ஒரு தடவதான், எண்ணெய்ச் செலவு ஒவ்வொரு தடவையும் வரும், அதனால மீனு கிடைக்காத நாளுக்கும் சேத்துப் பணம் எடுத்துட்டுப் போங்க.

வீட்டுக்கு வந்ததும் கயித்த நல்ல தண்ணியில அலசி நிழல்ல காயப் போடுங்க. முனைக்கயித்துல கடைசி ரெண்டு பாகத்த விரல்ல உருவிப் பாருங்க, சொரசொரன்னு இருந்தாலோ வெள்ளையாக் கீறல் தெரிஞ்சாலோ அந்தத் துண்ட வெட்டிட்டு முள்ளப் புது ஸ்லீவ்ல கட்டிருங்க.